திறக்காத பக்கத்தில் மூன்று கடிதங்கள்

அட்டன் பஜாரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த கொமினிகேஷன் கடையில் நான் ஏழு வருடம் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் பேச இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், இணைய வசதியோடு மூன்று கணினிகள். அவ்வளவுதான் கடை. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டை விண்ணப்பத்தையும் பொலித்தீன் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டுவார்கள். நான் கொப்பி எடுத்துக் கொடுப்பேன், கடிதம் டைப் அடித்துக் கொடுப்பேன். மத்தியானத்துக்கு மேல் கீழே பாண் வேகும் வாசம் படியேறி வரும்.

கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம் அது. ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு கூண்டுக்குள் போய் ஊருக்கு எடுத்துப் பார்ப்பார். லைன் கிடைத்தால் அன்றைக்கு எல்லோரோடும் பேசுவார். கிடைக்காவிட்டால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலே உட்கார்ந்திருப்பார்.

என்னோடு இன்னொருவரும் அங்கே வேலை செய்தார். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கணினி திருத்துவது, இணையத்தளம் செய்வது எல்லாம் அவராகவே படித்துக்கொண்டது. நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, உயர்தரம் முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றோடு அங்கே வந்து சேர்ந்தவள்.

ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். "எங்க பெரியப்பா குடும்பம் ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போனாங்க. இப்ப கோத்தகிரியில இருக்காங்களா, கூடலூர்ல இருக்காங்களான்னு கூட எங்களுக்குத் தெரியாது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்த மாதிரி ஒரு வீடாவது இருக்கு. நம்ம ஒரு சைட் போட்டா என்ன?"

அப்படித்தான் அந்தத் தளம் தொடங்கியது. இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களும் இங்கே தங்கிவிட்டவர்களும் ஒருவரை ஒருவர் தேடுவதற்கான இடம். அவர் அதைக் கட்டினார். நான் தமிழில் டைப் அடித்தேன். முகப்பில் ஒரு படிவம் இருந்தது: யார் தேடுகிறார்கள், யாரைத் தேடுகிறார்கள், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் லயம். நிரப்பி அனுப்பினால் அது அவருடைய மின்னஞ்சலுக்கு வரும். தளத்தோடு தனியாகப் பொருத்துகிற 'பிளகின்' என்னும் சின்ன மென்பொருள் ஒன்று அந்தப் படிவ வேலையைப் பார்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் கமரா ஒன்றை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தோட்டம் தோட்டமாகப் போவோம். லயம், கோயில், பாடசாலை, கொழுந்து நிறுக்கும் மடுவம் எல்லாவற்றையும் படம் பிடிப்போம். கடிதம் வந்திருந்தால் அதில் உள்ள பெயரைக் கேட்டு விசாரிப்போம். ஒன்றரை வருடத்தில் இரண்டு குடும்பங்களைக் கண்டுபிடித்தோம். இரண்டாவது குடும்பத்து அம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்துத் திருநீறு பூசிவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றார். இறங்கி வரும்போது அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார். நான் அதை எனக்குப் பிடித்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் அவருக்குக் கட்டார் விசா சரிவந்தது. போவதற்கு முந்திய வாரம், தளம் அதுவரை இருந்த இலவச சேவை மூடப்படப் போகிறது என்று அறிவித்தல் வந்தது. அவர் இரண்டு நாளில் அவசரம் அவசரமாக எல்லாவற்றையும் வேறொரு நிறுவனத்தின் சேர்வருக்கு மாற்றினார். பிறகு ஒரு கடதாசித் துண்டில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி என்னிடம் கொடுத்தார்.

"எல்லாம் வேல செய்யுது. இனி நீங்கதான் பாத்துக்கணும்."

"நீங்க அங்கேருந்து பாக்க மாட்டீங்களா?"

"பாப்பேன், பாப்பேன்" என்றார்.

முதல் மாதம், அங்கே போய்த் தொடங்கிய புது முகவரியிலிருந்து நாலு மின்னஞ்சல் வந்தது. வெயில், சாப்பாடு, ஒரே அறையில் எட்டுப் பேர். அடுத்த மாதம் ஒன்று. அதன் பிறகு இல்லை.

அந்த வருடத் தொடக்கத்திலேயே அம்மாவும் வேலையிலிருந்து நின்று, வத்தளையில் இருந்த அக்காவோடு போய்ச் சேர்ந்துவிட்டார். லயத்தில் எங்கள் வீடாக இருந்த ஒற்றைக் காம்பராவைத் தம்பி முறையான ஒருவர் குடும்பத்துக்கு விட்டோம். நான் அட்டனில் ஒரு சிங்கள ஆசிரியை வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் நல்லவர். ஆனால் காலையில் எனக்கும் அவருக்கும் பேச இருந்தது மழையைப் பற்றி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. உடுப்பைத் துவைத்துவிட்டு, காயாது என்று தெரிந்தும் விரித்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தளத்துக்கு ஒரு கடிதமும் வரவில்லை. கட்டாருக்குப் போனவர் தன் மின்னஞ்சலுக்கு வருவதை எனக்கு அனுப்பி வைப்பார் என்பதுதான் ஏற்பாடு. ஆறு மாதம் ஒன்றும் வராததால், யாரும் எழுதவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். ஆனி மாதம், அடைமழைக்கு ஆட்கள் வராத ஒரு மத்தியானத்தில்தான், படிவத்தில் அவருடைய முகவரிக்குப் பதிலாக என்னுடையதைப் போட்டால் என்ன என்று தோன்றியது.

கடதாசித் துண்டில் இருந்தபடி உள்ளே போனேன். தளத்தில் கட்டுரை எழுத முடிந்தது, படம் ஏற்ற முடிந்தது. படிவத்துக்குரிய பிளகினின் அமைப்புப் பக்கத்தைச் சொடுக்கினேன். வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. இந்தப் பக்கத்தைத் திறக்க உங்களுக்குப் போதிய அனுமதி இல்லை.

கணினி பழைய நினைவிலேயே இருக்கிறதோ என்று வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். அதே வரி. பக்கத்துக் கணினியில் வேறு பிரவுசரில் பார்த்தேன். அதே வரி. படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வெளியாள் போல முகப்புக்குப் போய் என்னுடைய பெயரையே போட்டு ஒரு செய்தி அனுப்பினேன். 'உங்கள் செய்தி கிடைத்தது. நன்றி' என்று வந்தது. அந்த நன்றியை டைப் அடித்தவளே நான்தான். செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தெரியவில்லை.

அடுத்த மூன்று வாரம் இதுவே என் வேலையாகிவிட்டது. கடைக்கு ஆள் வருவதற்கு முன்பு ஒரு மணித்தியாலம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், மழை நேரம். மற்றப் பிளகின்கள் ஏதாவது குறுக்கே நிற்கிறதோ என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றை நிறுத்தியதும் முகப்பில் இருந்த படங்களெல்லாம் காணாமல் போய், பதறி மறுபடி இயக்கினேன். பிறகு சேர்வரில் உள்ள கோப்புகளுக்கு யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று மூன்று இலக்கத்தில் ஓர் அனுமதி இருக்கிறது என்று படித்தேன். அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு நாள் பொறுமையிழந்து எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிடும் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே வரி. யாராவது புகுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பத்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிட்டேன்.

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பார். கணினி அவருக்குத் தெரியாது.

"என்ன பிள்ளை, இன்னும் உதோடையோ மல்லுக்கட்டுறீர்?"

"அனுமதி இல்லைன்னு சொல்லுதுங்க ஐயா."

"ஆர் சொல்லுறது?"

"கம்ப்யூட்டர்தான்."

"அப்ப உதை அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடேலாதோ?"

அழிக்கலாம். பிளகினை நீக்கிவிட்டு மறுபடி பொருத்துவதுதான் இணையத்திலும் பலர் சொன்ன வழி. நீக்கு என்ற பொத்தான் வரைக்கும் நான் போனேன். அங்கே ஓர் எச்சரிக்கை இருந்தது: இதில் சேமித்துள்ளவை அனைத்தும் அழியும். ஆறு மாதமாக ஒன்றும் வராத படிவத்தில் என்ன சேமித்திருக்கப் போகிறது? ஆனாலும் அழுத்த மனம் வரவில்லை. கட்டாருக்குப் போனவர் கட்டியதில் ஒன்றை என் கையால் அழிக்க வேண்டாம் என்ற எண்ணம்தான் காரணம். வேறு புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

என் மனதுக்குள் இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. அவர் எனக்கு வேண்டுமென்றே அனுமதி கொடுக்காமல் போயிருக்கலாம். வீட்டுச் சாவியைத் தந்துவிட்டு அலுமாரிச் சாவியைத் தன்னோடு கொண்டு போயிருக்கலாம். கடைசியில் அவருக்கே எழுதினேன். நலம் விசாரிக்காமல், என்ன வரி வருகிறது, என்னென்ன செய்து பார்த்தேன் என்பதை மட்டும் எழுதினேன். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'அந்த சைட்ட விட்ருங்க. அத யாரும் பாக்குறதில்ல.'

அன்றைக்குச் சாயங்காலம் நான் நேரே அறைக்குப் போகவில்லை. ஸ்டேஷன் வரை நடந்தேன். வட்டகொடைப் பக்கம் போகும் ரயில் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. எனக்கு அதில் ஏற ஒரு காரணமும் இல்லை. மழை விட்டதும் திரும்பி நடந்தேன்.

விட்டிருப்பேன். ஆனால் இரண்டு நாளைக்கு முன்பு, இந்த மாதிரிப் பிரச்சினைகளை எழுதும் ஒரு கலந்துரையாடல் பக்கத்தில் என் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தேன். அதைப் பார்க்கவே மறந்துபோயிருந்தேன். போய்ப் பார்த்தபோது ஒருவர் பதில் எழுதியிருந்தார். எந்த நாடு, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. 'உங்கள் தளத்தை அண்மையில் வேறு சேர்வருக்கு மாற்றினீர்களா? தரவுத்தளத்தில் அட்டவணைகளின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் மாறியிருக்கின்றனவா பாருங்கள். அந்தப் பிளகின் தன் அனுமதிப் பட்டியலைப் பழைய எழுத்துகளோடு வைத்திருக்கலாம்.'

நான் அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்து, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். மறுநாள் காலை தரவுத்தளத்துக்குள் போனேன். தளத்தின் எல்லாத் தகவலும் அங்கே அட்டவணைகளாக இருக்கும். ஒவ்வோர் அட்டவணையின் பெயருக்கு முன்னாலும் இரண்டு மூன்று எழுத்து இருக்கும், ஆட்களின் பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்து மாதிரி. பழைய சேர்வரில் இருந்த எழுத்துகள் வேறு, புதியதில் வேறு. யாருக்கு என்ன அனுமதி என்று எழுதும் வரிகளிலும் அந்த எழுத்து முன்னால் இருக்க வேண்டும். கட்டாருக்குப் போகுமுன் முக்கியமான வரிகளை அவர் புதிய எழுத்துக்கு மாற்றியிருந்தார். இல்லாவிட்டால் தளத்துக்குள்ளேயே போக முடியாது. படிவப் பிளகினுக்குரிய வரிகளை மட்டும் அவசரத்தில் விட்டுவிட்டார்.

இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. இரண்டிலும் ஒரே அனுமதி, முழு அனுமதி, பழைய எழுத்தோடு. அவர் எனக்கு எதையும் மறுக்கவில்லை. தனக்குச் சமமாகவே என்னையும் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது. அவருடைய வரியும் பழைய எழுத்தோடேதான் இருக்கிறது. கட்டாருக்குப் போன பிறகு அவர் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், அவருக்கும் அதே வரிதான் வந்திருக்கும். திருத்தியிருப்பார். அவர் திறக்கவே இல்லை.

இரண்டு வரிகளையும் திருத்தினேன், அவருடையதையும் சேர்த்து. அமைப்புப் பக்கத்தைச் சொடுக்கினேன். திறந்தது.

கடிதங்கள் அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தில் அவருடைய பழைய மின்னஞ்சல் இருந்தது. பக்கத்தில் இன்னொரு சுட்டி: வந்த செய்திகள். அதைத் திறந்தேன். பிளகின் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்திருந்தது. அவர் போன பிறகு வந்தவை மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தன. நடுநடுவே என் பெயரில் நானே அனுப்பிப் பார்த்த செய்திகள். மற்றதெல்லாம் ஆட்கள். கூடலூர், கோத்தகிரி, வால்பாறை. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த கடிதங்கள். தை மாதத்திலிருந்து அவர்கள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் 'கிடைத்தது, நன்றி' என்று நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவற்றில் மூன்று கடிதம் ஒரே ஆளிடமிருந்து வந்தது. கோத்தகிரியிலிருந்து ஒரு பெண். முதலாவது தை மாதம்: 'எங்க அம்மா பொகவந்தலாவையில பிறந்தவங்க. அவங்க தம்பி அங்கேயே இருந்துட்டார். பத்தாம் நம்பர் லயம். அம்மா இப்ப அவரப் பத்தியேதான் பேசுறாங்க. உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க.' தோட்டத்தின் பெயர், பிரிவு, மாமாவின் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாவது, இரண்டு வாரம் கழித்து: 'அம்மாவுக்கு ரொம்ப முடியல. தயவு செஞ்சு சீக்கிரம் பாருங்க.' மூன்றாவது பங்குனியில்: 'அம்மா போன மாசம் தவறிட்டாங்க. இனிமே தேட வேணாம். சிரமத்துக்கு மன்னிக்கணும்.'

மன்னிக்கணும் என்று அவள்தான் எழுதியிருந்தாள்.

நான் எழுந்து முதலாளியிடம் போய் மூன்றையும் படித்துக் காட்டினேன். "தேட வேணாம்னு சொல்லிட்டாங்க. இப்ப போய் அந்த மனுசன்கிட்ட என்னன்னு சொல்றது? அவருக்கு அக்கா செத்ததே தெரியாது. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கும் ஊருக்கு லைன் கிடைத்திருக்கவில்லை.

"பிள்ளை, என்ரை அக்கா அங்கை செத்துப்போய், அதை ஆரும் எனக்கு மறைச்சால் நான் பொறுக்கமாட்டன். பிந்தினாலும் போய்ச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவை பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கத்து சீட். பக்கத்தில் கோழிக் கூடையோடு ஓர் அம்மா. நோர்வூட் தாண்டும்போது நான் பிறந்த தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. டவுனில் இறங்கி, விசாரித்து, முக்கால் மணித்தியாலம் மேலே நடந்தேன். முன்பு இருவருமாகப் போன காலத்தில் வழி கேட்பது அவர் வேலை. எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சைத் தொடங்க வராது. மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது.

பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் ஒருவர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர்தான்.

"வாங்க புள்ள. எந்தத் தோட்டம்?"

"நோர்வூட் பக்கம்ங்க. அட்டன்ல வேல செய்யிறேன். ஒங்களுக்கு அக்கா ஒருத்தவங்க இந்தியாவுக்குப் போனாங்களா?"

அவர் நிமிர்ந்தார். கையில் இருந்த களையைக் கீழே போடவில்லை. "போனா. எழுவத்தி நாலுல. ஏன்?"

"அவங்க மக ஒங்களத் தேடி எழுதியிருக்காங்க."

"அக்கா நல்லா இருக்காளா?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். "இல்லீங்க. மாசி மாசம் தவறிட்டாங்க" என்றேன்.

அவர் லயத்து முனையில் இருந்த பீலிக்குப் போனார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், மறுபடி கையைக் கழுவினார். மண் எப்போதோ போய்விட்டது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார். வாசலுக்கு வந்து பார்த்த மருமகளிடம், திரும்பாமலே, "புள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்தும்மா" என்றார்.

காம்பராவுக்குள் உட்கார்ந்ததும் நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போன மூன்று கடிதங்களையும் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நானே படித்தேன். மூன்றாவதை முடித்ததும், முதலாவதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"என்னயப் பத்தியேதான் பேசுனாளாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அட்டன் ஸ்டேசன்ல வச்சு என்கிட்ட சண்ட போட்டுட்டுப் போனா புள்ள. வரணும்னு நெனச்சா நீ வந்துருப்பன்னு சொன்னா. நான் என்ன பண்ண? அவ பேரு இந்தியா லிஸ்டுல, என் பேரு இந்த நாட்டு லிஸ்டுல. நானா எழுதுனேன்? அதுக்கப்புறம் ஒரு தபால் இல்ல. என்னய வெறுத்துட்டான்னுதான் இத்தன வருசமும் நெனச்சேன்."

மருமகள் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவர் விரலை மடக்கி மாதம் எண்ணினார்.

"மொதக் கடுதாசி தையில வந்திருக்கு. அப்ப அவ உசுரோட இருந்தாளே. அப்ப ஏன் புள்ள வந்து சொல்லல?"

இந்தக் கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். சொன்னேன். கடிதம் வந்த இடம் பூட்டியிருந்தது, எனக்கு அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது, அது தெரியவே ஆறு மாதம் ஆனது, திறக்க இன்னும் ஒரு மாதம் பிடித்தது என்று சொன்னேன்.

"யாரு அனுமதி குடுக்கணும்? தொரையா?"

"யாரும் குடுக்க வேண்டியதில்லீங்க. முன்னமே குடுத்திருந்தாங்க. சைட்ட வேற எடத்துக்கு மாத்துனப்ப என் பேரு பழைய லிஸ்டுல நின்னுபோச்சு. புது எடத்துல அதத் தேடிப் பாத்துட்டு, இல்லைன்னு சொல்லிருச்சு. என் மேலயும் தப்பு இருக்குங்க. நான் தையிலயே போய்ப் பாத்திருக்கணும். யாரும் எழுதலைன்னு நெனச்சு இருந்துட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஆமா, அப்படி ஆகும்" என்றார். "எங்க பேரும் ஒரு கவர்மெண்டு கச்சேரியில இருந்துச்சு, இன்னொரு கச்சேரியில இல்லன்னு சொன்னாங்க. தேத்தண்ணியக் குடிங்க, ஆறிப்போகும்."

அடுத்த சனிக்கிழமை அவர் அட்டனுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மேலே பழைய கோட். நான் கூண்டுக்குள் போய் அந்தக் கோத்தகிரிப் பெண்ணின் இலக்கத்தை அடித்து, மறுமுனையில் குரல் கேட்டதும் ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கூண்டுக் கதவு சரியாக மூடாது. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்டது.

"நான்தாம்மா, மாமா பேசுறேன்." கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. தோள் குலுங்கியது. முதலாளி எழுந்து போய்ப் போட்டோக்கொப்பி மெஷினைத் தேவையில்லாமல் திறந்து பார்த்தார். பிறகு மறுபடி குரல். "சாப்பிட்டியா? அங்கயும் மழையா? அம்மா கடேசி வரைக்கும் மலைக்கு வேலைக்குப் போனாளா? அங்கயும் கொழுந்துதானா? சரி சரி. அழுவாத. அழுவாதம்மா."

வெளியே வந்தவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தாலும் தெளிவாக இருந்தது. நான் திரையில் அடுத்த கடிதத்தை வைத்திருந்தேன்.

"புள்ள, ஒங்க ஆளுங்க யாரு இந்தியாவுல இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் போகல."

"அப்புறம் எதுக்கு இதப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

சிரித்து வைத்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கே கட்டாருக்கு எழுதினேன். மூன்று கடிதங்களையும் அப்படியே டைப் அடித்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபமாக எழுதவில்லை. கோபத்தோடு எழுதியதை அழித்துவிட்டு இரண்டாம் தரம் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. 'அந்த மெயிலோட பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. அங்க வந்ததெல்லாம் நான் பாக்கவே இல்ல. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?' அதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்து, எதை எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவரும் பிறகு எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். அட்டனில் இறங்கியிருப்பார். கடைக்கு வரவில்லை.

படிவத்தின் முகவரியை என்னுடையதாக மாற்றினேன். எனக்குப் பதில் சொன்ன அந்த முகம் தெரியாத ஆளுக்கு நன்றி எழுதினேன். மற்றக் கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பாதிப் பேரிடமிருந்து பதில் இல்லை. சிலர் திட்டினார்கள். ஒருவர், 'நீங்கள் உண்மையான ஆள்தானா?' என்று கேட்டு எழுதினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெயர்களை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு புறப்பட்டேன். முதல் பெயருக்குரிய லயத்தில் யாரும் இல்லை, கூரைத் தகரமே இல்லை. இரண்டாவது இடத்தில், பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் நான் சொன்ன பெயரைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தாள். மேட்டு லயத்துக் கடைசிக் காம்பராவைக் கையால் காட்டினாள். நான் படியேறத் தொடங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"படி வழுக்கும், ஓரமா ஏறுங்க. அங்க ஒரு நாய் இருக்கு, கத்துனா நில்லுங்க, நான் வந்து புடிச்சிக்கிறேன்."

நாய் கத்தியது. நான் நின்றேன். அவள் சீப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.